ஆப்பிள் ஜிலேபி: எண்ணெய் மீது பழி போடாதீர்கள்

வட்டமாக நறுக்கிய ஆப்பிளை மாவில் தோய்த்துப் பொரித்து, சர்க்கரைப் பாகில் போட்டெடுத்தால் ஆப்பிள் ஜிலேபி. வாழைக்காய் பஜ்ஜி போடத் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகத்தான் வர வேண்டும். ஆனால் பல வீடுகளில் மேல்மாவு கழன்று எண்ணெயில் மிதக்கிறது. இல்லையென்றால் பாகில் விழுந்ததும் தொளதொளத்துப் போகிறது. உடனே எண்ணெயைக் குறை சொல்கிறோம், மைதாவைக் குறை சொல்கிறோம். ஆப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர் என்பது நினைவில் இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

"வதங்கிய பழத்தைப் பொரித்துத் தீர்த்துவிடலாம்" என்பது முதல் தவறு. வதங்கிய ஆப்பிள் சூட்டில் கூழாகிவிடும். நன்றாகச் சிவந்த பழம்தான் பொரிக்க நல்லது என்பதும் சரியல்ல. சிவப்பு அந்த ரகத்தின் நிறம், அவ்வளவுதான். சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916இல் ஹிமாசலத்தின் கோட்கட் பகுதியில் நடத் தொடங்கிய ரெட் டெலிஷியஸ் வகை பச்சையாகத் தின்ன அருமையானது. ஆனால் நாள்பட்டால் மாவுமாவாகி, பொரிக்கும்போது குழைந்துவிடும். கடித்தால் நறுக்கென்று ஒடிகிற, கொஞ்சம் புளிப்புள்ள பழம் வேண்டும். பச்சை நிற கிரானி ஸ்மித் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

"சத்தெல்லாம் தோலில்தான், சீவக் கூடாது" என்பார்கள். தோலில் நார்ச்சத்து அதிகம் என்பது உண்மைதான். ஆனால் வழுவழுப்பான தோலில் மாவு ஒட்டாது. பொரிக்கிற பழத்துக்குத் தோலைச் சீவியே ஆக வேண்டும்.

அடுத்தது நம் ஊரில் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை: நறுக்கிய ஆப்பிள் கருப்பது அதில் உள்ள இரும்புச்சத்தால் என்பது. அப்படியில்லை. பழத்தில் உள்ள பாலிபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதி, காற்று பட்டதும் பழத்தின் பீனால் பொருள்களை மாற்றுகிறது. அந்த மாற்றத்தின் நிறம்தான் பழுப்பு. 100 கிராம் ஆப்பிளில் இரும்பு சுமார் 0.1 மில்லிகிராம்தான். சோகை உள்ள பிள்ளைக்கு இதை நம்பி ஆப்பிளாக வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். முருங்கைக்கீரையில் இரும்பு இதைவிடப் பல மடங்கு அதிகம், விலையும் குறைவு. கருத்த துண்டு கெட்டுப்போனதும் அல்ல, தாராளமாகப் பொரிக்கலாம்.

நிறம் மாறாமலிருக்க எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் போடுவது நல்ல வழக்கம். அங்கிருந்து எடுத்து ஈரத்தோடு மாவில் தோய்ப்பதுதான் கோளாறு. அரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கி, நடுவிலுள்ள விதைப் பகுதியைச் சின்ன மூடியால் அழுத்தி எடுத்துவிடுங்கள். வட்டங்களைப் பருத்தித் துணியில் பரப்பி மேலே இன்னொரு துணியால் ஒற்றுங்கள். பிறகு இரு பக்கமும் வறட்டு மைதாவை மெல்லியதாகத் தடவி உதறுங்கள். பளபளப்பு மறைந்து தூள் படிந்தாற்போல் தெரிந்தால், இனி கரைத்த மாவு நழுவாது.

"மொறுமொறுப்புக்குச் சோடா தாராளமாகப் போடு" என்ற அறிவுரையைக் கேட்காதீர்கள். சோடா கூடினால் மேல்மாவு பொறபொறத்து எண்ணெயைக் குடிக்கும், வாயில் சோப்பு வாடை வரும். ஒரு கப் மைதாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு சேர்த்து, ஐஸ் தண்ணீரில் அதிகம் அடிக்காமல் கரைத்தாலே போதும். சோடா ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

எண்ணெய் புகைய வேண்டியதில்லை, அடுப்பைச் சிறுதீயிலும் வைக்க வேண்டியதில்லை. ஒரு சொட்டு மாவு விட்டால் அடியில் தங்காமல் உடனே மேலே வரும் சூடு, அதாவது 170 முதல் 180 டிகிரி செல்சியஸ், சரியாக இருக்கும். பலகாரம் எண்ணெய்க்குள் இருக்கும்போதுதான் எண்ணெயைக் குடிக்கிறது என்று நினைக்கிறோம். உள்ளே கொதிக்கும் தண்ணீர் ஆவியாக வெளியேறும்வரை எண்ணெயைத் தள்ளியே வைக்கிறது. வெளியே எடுத்து ஆறத் தொடங்கியதும் ஆவி அடங்கி, மேலே ஒட்டிய எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. எனவே சாரணியில் எடுத்ததும் உதறி, கம்பி வலைத்தட்டில் வையுங்கள். செய்தித்தாளில் போடவே போடாதீர்கள். அச்சு மை உணவில் இறங்கும் என்பதால் உணவுப் பொருளுக்குச் செய்தித்தாளைப் பயன்படுத்துவதை 2018இன் உணவுப் பொட்டல விதிகள் தடை செய்திருக்கின்றன.

பாகில் எலுமிச்சை பிழிவது அழுக்கு நீங்க என்பார்கள். அழுக்கு எடுப்பது ஒரு கரண்டி பால். எலுமிச்சையின் புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைப்பதால் பாகு பூத்து இறுகாமல் இருக்கிறது. குலாப் ஜாமூன் மாதிரி ஊற வைப்பதும் இதற்குப் பொருந்தாது. உள்ளே ஏற்கெனவே பழச்சாறு இருக்கிறது. வெதுவெதுப்பான ஒற்றைக் கம்பிப் பதப் பாகில் அரை நிமிடம் போதும். தென் ஜெர்மனியில் இதே மாதிரி பொரித்த வட்டங்களுக்குப் பாகே கிடையாது; பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவிச் சூடாகச் சாப்பிடுகிறார்கள். மொறுமொறுப்பு அதில் இன்னும் நன்றாக நிற்கும் என்பது என் கட்சி.

பழத்தில் செய்தது, சர்க்கரை நோயாளிக்கும் ஒன்றும் செய்யாது என்று யாராவது சொன்னால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மைதா, எண்ணெய், பாகு மூன்றும் சேர்ந்த பலகாரம் இது. அவர்களுக்கு அளவாக நாலு துண்டு ஆப்பிளை, தோலோடு, பச்சையாகவே நறுக்கிக் கொடுங்கள்.