தலையில் ஊற்றிய தண்ணீர்

அன்புள்ள தம்பிக்கு,

வள்ளூர் அனல்மின் நிலையத்துக்கு ஷிஃப்டு போய்வரும் உனக்கு நாவல் எதற்கு, நல்லது கெட்டது சொல்லத் திருக்குறள் போதாதா என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. எது சரி என்பதை அறநூல் சொல்லிவிடும். ஆனால், ஒரு தீங்கு நடந்து முடிந்த மறுநிமிடம் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதில் பாதி அறம் இருக்கிறது. அந்த நிமிடத்தை நிறுத்திக் காட்ட நாவலுக்குத்தான் பொறுமை உண்டு.

ஜெயகாந்தனை எடுத்துக்கொள். 1966-ல் ஆனந்த விகடனில் அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை வந்தது. மழை மாலையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண், முன்பின் தெரியாதவன் காரில் ஏறுகிறாள். சீரழிந்து வீடு திரும்புகிறாள். தாய் அலறுகிறாள், அடிக்கிறாள். பிறகு மகள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். வாசகர்கள் பலர் கொதித்தார்கள். 1972-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் அந்தக் கொதிப்புக்கு அவர் எழுதிய பதில். அதே மழை, அதே கார். தாய் கனகம் மட்டும் மகள் கங்காவின் தலையில் தண்ணீர் ஊற்றவில்லை. அவள் போட்ட கூச்சலில் விஷயம் வெளியே போய்விடுகிறது. அண்ணன் கங்காவைத் துரத்துகிறான். படிக்கவைத்த மாமாவே அவள்மேல் கண் வைக்கிறார். பின்னாளில் கங்கா அந்தச் சிறுகதையைப் பத்திரிகையில் படிக்கிறாள்; தன் தாய் செய்யாமல் விட்டது அங்கே அச்சாகிக் கிடக்கிறது.

இரண்டையும் எழுதியது ஒரே கை, முடிவும் அவர் வைத்ததுதானே, இது எப்படிச் சான்றாகும் என்பாய். கங்கா கற்பனைதான். படிக்கும்போது உனக்கு எங்கே கோபம் வந்தது, யார் பக்கம் சாய்ந்தாய் என்பது கற்பனை இல்லையே! எல்லோரையும் புரிந்துகொண்டால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்பதும் சரியில்லை. கனகம் விதவை, பயந்தவள். அந்தப் பயம் புரிகிறது. அதனால் மகள் இழந்தது குறைந்துவிடவில்லை. உன் ஷிஃப்டிலும் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி பிழை செய்வான். அதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்வது வேறு, கேன்டீன் முழுக்கப் பரப்புவது வேறு.

கும்மிடிப்பூண்டி லோக்கலில் உட்கார இடம் கிடைக்கிற நாளில் ஆரம்பி. முதலில் சிறுகதை, அப்புறம் நாவல், வரிசையை மாற்றாதே. கனகத்தைப் பற்றி என்ன முடிவுக்கு வந்தாய் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா