குருதியும் குறியும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், புற்றுநோய்க்குத் தம் சகோதரியை இழந்த துயரை மறவாது, 1954ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் ஒரு புற்றுநோய் நிலையத்தை நிறுவினார். இத்தகைய நிலையங்களை நாடிவருவோர் முதற்கண் வினவுவது, "பிழைப்பாரா?" என்பதே. அவ்வினாவிற்குக் குருதி எத்துணை விடை பகரும் என்பதை, அரியதொரு நிணநீர்ப் புற்றைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

என்.கே./டி அணுப் புற்று எனப்படும் அந்நோய் பெரும்பாலும் மூக்கின் உட்புறத்தைப் பற்றுவது. சீனம், கொரியா முதலிய நாடுகளில் மிகுந்தும் நம் நாட்டில் அருகியும் காணப்படுவது. 1964இல் கண்டறியப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸ் இந்நோயணுக்களுள் உறைகின்றது. அவ்வணுக்கள் மடியுங்கால் வைரஸின் டி.என்.ஏ. துணுக்குகள் குருதியிற் கலக்கும். அவற்றை அளப்பின் நோயின் பெருக்கம் ஒருவாறு புலனாம்.

இதனினும் மலிவானது எல்.டி.எச். என்னும் நொதியின் அளவு. கடுமையான நிணநீர்ப் புற்றுக்களுக்கென 1993இல் வகுக்கப்பட்ட கணிப்பில் ஐந்து குறிகள் உள. 60 வயது கடத்தல், நோயின் பரவல், உடல்வலி குன்றல், நிணக்கணுவிற்குப் புறம்பே நோய் பற்றிய இடங்கள் என்னும் நான்கும் போக, குருதிக்குரியது இந்நொதி ஒன்றே. ஆயின் இஃது எல்லா உடலணுக்களிலும் உளது. கல்லீரல் நோயுற்றாலும் ஏறும். ஊசியால் எடுக்குங்கால் செவ்வணுக்கள் உடைந்தாலும் ஏறும். மயிலாப்பூரில் வாழும் எம் அத்தையார், காய்ச்சலுக்காகச் செய்த சோதனையின் சீட்டில் இவ்வெண் மிகுந்திருக்கக் கண்டு மூன்று இரவு உறங்கிலர். மறுமுறை எடுத்த குருதியில் அஃது இயல்பாகவே இருந்தது!

தமிழ் பயில்வோராகிய எமக்குக் குறி வேறு, நிமித்தம் வேறு எனத் தோன்றுகின்றது. பல்லி சொல்லுக்குப் பொருள் மாறுவதில்லை. குருதிக் குறியின் பொருளோ மருந்து மாற மாறும். பழைய மருந்துகள் என்.கே./டி புற்றில் போதிய பயன் தந்தில. அஸ்பாரஜினேஸ் சேர்ந்த புதுமுறைகள் வந்தபின் பிழைப்போர் பெருகினர். பழங் கணிப்பும் பொருந்தாதாயிற்று. ஆகவே 2016இல் இந்நோய்க்கென்றே வேறொரு கணிப்பு வகுக்கப்பட்டது, வைரஸின் டி.என்.ஏ.வையும் உடன் கொள்வது அதன் ஒரு வகை.

இக்கணிப்புகள் யாவும் பலரைச் சேர்த்து எண்ணிக் கண்டவை. எதிரே அமர்ந்த ஒருவரின் நாளைக் குறிப்பன அல்ல. ஆதலின் மருத்துவர் ஒருநாளைய எண்ணோடு நில்லாது, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்து பார்க்கின்றனர். சிகிச்சை முடிந்தும் வைரஸின் துணுக்கு குருதியில் எஞ்சியிருப்பின், நோய் மீளுமென ஐயுற்று மீண்டும் ஆராய்கின்றனர்.