606202 – நம்ம ஊர் எண்ணுக்குள்ளே என்ன இருக்கு?



கள்ளக்குறிச்சிக்கு வரும் கடிதங்களில் 606202 என்ற எண்ணைப் பார்த்திருப்பீங்க. அது நம்ம ஊர் பின்கோடு. இந்தப் பின்கோடு முறை நம் நாட்டில் 15.8.1972 அன்று தொடங்கியது. முதலில் உள்ள 6, தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி இருக்கும் மண்டலத்தைக் குறிக்கும். கடைசி மூன்று இலக்கங்கள் தபால் நிலையத்தைக் காட்டும். இனி இதை ஒரு முழு எண்ணாக எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

1) காரணிகள்

2, 3, 7, 11 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் கை வலிக்கும். எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. 606 என்பது 202-இன் மூன்று மடங்கு. ஆகவே,

606202 = 606000 + 202
= (202 × 3000) + (202 × 1)
= 202 × 3001
= 2 × 101 × 3001

2, 101, 3001 மூன்றுமே பகா எண்கள். எனவே மொத்தக் காரணிகள் எட்டு: 1, 2, 101, 202, 3001, 6002, 303101, 606202.

2) வர்க்கங்களின் கூடுதல்

4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எந்தப் பகா எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம். 3001 அப்படிப்பட்ட எண்தான்.

3001 = 51² + 20²
202 = 11² + 9²

இந்த இரண்டையும் பெருக்க, 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரம்மகுப்தர் பெயரால் ஒரு முற்றொருமை இருக்கு:

(a² + b²)(c² + d²) = (ac + bd)² + (ad − bc)²

கூட்டல், கழித்தல் குறிகளை இடம் மாற்றினாலும் இது சரியாக வரும். அதனால் நமக்கு இரண்டு விடை கிடைக்குது!

606202 = 741² + 239²
606202 = 381² + 679²

நம்பிக்கை இல்லாதவங்க வர்க்கம் போட்டுக் கூட்டிப் பாருங்க.

3) நம்ம மாவட்டமும் இராமானுஜனும்

"இரண்டு விதம்" என்றதும் 1729 ஞாபகம் வருதா? அதை 12³ + 1³ என்றும் 10³ + 9³ என்றும் எழுதலாம். சுவையே இல்லாத எண் என்று ஹார்டி நினைத்த அந்த எண்ணின் சிறப்பை எடுத்துச் சொன்னவர் இராமானுஜன். அவர் 1910-இல் வேலை தேடித் திருக்கோவிலூர் வந்தார். அப்போது அது தென்னாற்காடு மாவட்டம். 2019-இல் உருவான நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்று அந்த ஊர் இருக்கிறது. அங்கே துணை கலெக்டராக இருந்த வி. இராமஸ்வாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தொடங்கியவர். அவர் இராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து வியந்தார். இப்படிப்பட்டவரைக் கீழ்நிலைக் குமாஸ்தா வேலையில் முடக்கக்கூடாது என்று எண்ணி, சென்னையில் உள்ள கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

எண்ணோ ஆளோ, மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். உள்ளே பார்க்க ஒருவர் வேணும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 5 = 2² + 1², 13 = 3² + 2². அப்படியானால் 65-ஐ எந்த இரண்டு விதங்களில் எழுதலாம்?

கல்வராயன் மலையிலிருந்து வந்து படிக்கும் நண்பர்கள், ஊருக்குப் போகும்போது உங்க ஊர் பின்கோடைக் கேட்டு வந்து காரணிப்படுத்துங்க. விடையை இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டுங்க!