உடம்பு கேட்கும் தண்ணியைக் கொடுப்போம்



நுவரெலியாப் பக்கம் விடியக்காலையில் பிரட்டுக் களத்துக்குப் போகும்போது பல் கிட்டிப் போகும் குளிர். பத்து மணிக்கு மேலே மலையில் சுள்ளென்று வெயில். ஆனால் இந்த இரண்டு நேரத்திலும் வெப்பமானி வைத்துப் பார்த்தால் நம் உடம்புச் சூடு 37 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். வெளியே இவ்வளவு மாற்றம் இருந்தும் உள்ளே ஏன் மாறவில்லை?

தேயிலை ஸ்டோரில் கொழுந்து காய வைக்கும் மெசினை நினைத்துப் பாருங்கள். சூடு எவ்வளவு என்று காட்ட ஒரு மானி இருக்கிறது. சூடு குறைந்தால் அடுப்படியில் நிற்பவர் விறகு தள்ளுவார். கூடினால் விறகை நிறுத்துவார். பிறகு மறுபடியும் மானியைப் பார்ப்பார். நம் உடம்பிலும் இதே வேலைதான் நடக்கிறது. மூளையின் அடியில் உள்ள ஒரு சிறு பகுதி இரத்தத்தின் சூட்டைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. குளிர்ந்தால் தசைகளை நடுங்க வைத்துச் சூடு உண்டாக்கும். சூடு கூடினால் வேர்க்க வைக்கும். வேர்வை காயும்போது சூட்டையும் கொண்டுபோகும். சூடு சரியான அளவுக்கு வந்ததும் நடுக்கமும் வேர்வையும் தானே நிற்கும். இப்படிப் பார்த்துப் பார்த்துத் திருத்துவதைப் பின்னூட்டல் என்கிறோம். அதனால் உடம்பு ஒரே நிலையில் நிற்பதைப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் ஒருசீர்த்திடநிலை என்று படிக்கிறார்கள். 1926இல் வோல்டர் கெனன் என்ற அமெரிக்க அறிஞர் இதற்கு ‘ஹோமியோஸ்டேசிஸ்’ என்று பெயர் வைத்தார்.

இனித் தண்ணிக்கு வருவோம். வளர்ந்த ஒருவரின் உடம்பில் பாதிக்கு மேலே தண்ணிதான். கொழுந்து எடுத்து வேர்த்தால் இரத்தத்தில் தண்ணி குறைந்து உப்பின் பங்கு கூடும். நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு கூடினாலே மூளை கண்டுபிடித்துவிடும். உடனே இரண்டு வேலை செய்யும். ஒன்று, “தண்ணியை வெளியே விடாதே” என்று ஹோர்மோன் மூலம் சிறுநீரகத்துக்கு உத்தரவு அனுப்பும். மற்றது, நமக்குத் தாகம் எடுக்க வைக்கும்.

சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லீற்றர் நீரை வடிகட்டி, ஒன்றரை லீற்றர் அளவை மட்டும் சிறுநீராக விட்டு, மிச்சத்தை இரத்தத்துக்கே திருப்பிக் கொடுக்கின்றன. உத்தரவு வந்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அதனால்தான் தண்ணி குடிக்காத நாளில் சிறுநீர் கொஞ்சமாக, கடும் மஞ்சளாகப் போகிறது. ஆனால் சிறுநீரகம் இருக்கிற தண்ணியை மிச்சம் பிடிக்குமே தவிர, போன தண்ணியைத் திருப்பிக் கொண்டுவராது. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

மலையில் ஒதுங்க இடமில்லை என்று எத்தனையோ தாய்மார் பகல் முழுக்கத் தண்ணி குடிக்காமல் இருக்கிறார்கள். வந்த சிறுநீரையும் அடக்கி வைக்கிறார்கள். இப்படியே பழகினால் சிறுநீர்க் கடுப்பு, கிருமித் தொற்று, கல் எல்லாம் வர இடமுண்டு. கொதித்தாறிய தண்ணியை ஒரு போத்தலில் கொண்டு போங்கள். தாகம் எடுத்தால் தள்ளிப் போடாதீர்கள். மலைக்குப் பக்கத்தில் மலசலகூடம் கேட்பது வெட்கப்படும் காரியம் அல்ல. மாதர் சங்கத்தில் பேசி, எழுத்தில் கொடுங்கள். நாமும் சேர்ந்து தோட்ட நிர்வாகத்திடம் கேட்போம்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வயிற்றோட்டம் வந்தால் தண்ணியோடு உப்பும் போகும். பிள்ளையின் உடம்பு தானாகச் சமாளிக்க முடியாது. “தண்ணி குடுத்தா இன்னும் போகும்” என்று நிறுத்தி வைப்பது மிகவும் தப்பு. கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணியில் ஒரு ஜீவனி பக்கெற்றைக் கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஜீவனி கிடைக்காவிட்டால் அதே அளவு தண்ணியில் 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டி மட்டத்துக்கு அளந்து போடுங்கள். சீனியும் உப்பும் சேர்ந்தால்தான் குடல் தண்ணியை நன்றாக இழுக்கும். உப்பைக் கூட்ட வேண்டாம். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழி விழுந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தால், மலத்தில் இரத்தம் வந்தால், வீட்டில் வைத்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இன்னொன்று. எவ்வளவு குடித்தும் தாகம் அடங்காமல், இரவில் பல தடவை சிறுநீர் போனால் அது சீனி வியாதியாக இருக்கலாம். இரத்தத்தில் கூடிய சீனி சிறுநீரில் இறங்கும்போது தண்ணியையும் இழுத்துக்கொண்டு போகிறது. காலையில் சாப்பிடாமல் போய் இரத்தம் சோதியுங்கள். சிறுநீரக, இருதய வருத்தத்துக்காகத் தண்ணியைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் வைத்தியர் சொன்ன அளவிலேயே நிற்க வேண்டும்.

வீட்டுப் பாடம்: இந்தக் கிழமை முழுவதும் வீட்டில் எல்லாரும் தங்கள் சிறுநீரின் நிறத்தைக் கவனியுங்கள். வெளிர் மஞ்சள் என்றால் நல்லது. கடும் மஞ்சள் என்றால் உடம்பு தண்ணி கேட்கிறது.