பாட்டிலில் பிடிக்கும் பருவமழை

வானிலைக்கும் காலநிலைக்கும் விளக்கம் எழுதிக்கொடுத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளையை மனப்பாடம் செய்யச் சொன்னால், தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு மழைமானி செய்து கொடுங்கள்; ஒரு பருவம் முழுக்க அந்தப் பிள்ளையே அளக்கட்டும். தமிழ்நாட்டில் இதற்குத் தோதான நேரம் செப்டம்பர் கடைசி. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் எல்லாம் தயாராகிவிடும்.

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்று போதும். நடுப்பகுதி இடுங்காமல் நேராக இருக்க வேண்டும். கழுத்து குறுகத் தொடங்கும் இடத்தில் பெரியவர்கள் வெட்டிக்கொடுங்கள். வெட்டிய மேல்பாகத்தின் மூடியைக் கழற்றிவிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்தால் அதுவே புனல். பாட்டிலின் அடிப்பாகம் மேடுபள்ளமாக இருக்கும். அங்கே கூழாங்கற்களைப் போட்டு, பக்கங்கள் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்த நீர்மட்டம்தான் பூஜ்ஜியம். அங்கிருந்து மேலாக ஒரு ஸ்கேலை ஒட்டுங்கள். பல ஸ்கேல்களில் 0 கோட்டுக்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். நீர்மட்டத்தில் நிற்க வேண்டியது ஸ்கேலின் நுனி அல்ல, 0 கோடு.

சுவர், மரம் எதுவானாலும் அதன் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தள்ளி, திறந்தவெளியில் வையுங்கள். காற்றில் சாயாமலிருக்கச் சுற்றிலும் செங்கல் அடுக்குங்கள். தேங்கிய நீரில் டெங்கு கொசு முட்டையிடும் என்பதால் புனல்மேல் கொசுவலைத் துணி கட்டி, வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை மழையளவைக் காலை 8.30 மணிக்குக் கணக்கிடுகிறது. நீங்களும் அதே நேரத்தில் பாருங்கள். இடி மின்னல் இருந்தால் அது ஓய்ந்த பிறகு போனால் போதும். பிள்ளை குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். ஓரங்களில் நீர் சற்று ஏறியிருக்கும். நடுவில் தாழ்ந்திருக்கும் மட்டமே சரியான அளவு. எழுதியதும் நீரைப் பழையபடி 0 கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். மழை பெய்யாத நாளிலும் ‘0’ என்று எழுதியே ஆக வேண்டும். பிறகு சராசரி போடும்போது அந்தப் பூஜ்ஜியங்களும் கணக்கில் வரும்.

“அண்டாவை வைத்தால் இன்னும் நிறைய மழை பிடிக்கலாமே?” என்று பிள்ளை கேட்கும். அருமையான கேள்வி, பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். நேரான பக்கமுள்ள சின்ன டப்பா ஒன்றையும் பெரிய டப்பா ஒன்றையும் மழையில் வைத்து, இரண்டிலும் ஸ்கேல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரின் அளவு வேறு, ஆழம் ஒன்றே. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 50 மி.மீ. பெய்தால் 5,000 லிட்டர்! இந்தப் பெருக்கலைப் பிள்ளையே போடட்டும்.

செய்தியில் சொல்லும் அளவும் உங்கள் பாட்டிலின் அளவும் பல நாள் ஒத்துவராது. பாட்டிலைச் சந்தேகிக்க வேண்டாம்; ஒரே ஊரிலும் மழை இடத்துக்கு இடம் மாறும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவானது 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ.

மாத முடிவில் அளவுகளைக் கூட்டிப் பட்டை வரைபடம் வரையுங்கள். காலநிலையைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இதுதான். ஒரு மேட்சில் டக் அவுட் ஆனதை வைத்து யாரும் ஒரு பேட்ஸ்மேனை எடைபோடுவதில்லை. பல வருடச் சராசரியைப் பார்க்கிறோம். மழைக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை பயன்படுத்தும் சராசரி 50 ஆண்டுகளுக்கானது; இப்போது பயன்படுவது 1971 முதல் 2020 வரையிலானது. தமிழ்நாட்டில் 2015இல் வடகிழக்குப் பருவமழை சராசரியைவிட ஏறக்குறைய பாதி அதிகம். 2016இல் 60 சதவீதத்துக்கும் மேல் குறைவு. எந்த ஒரு வருடத்தையும் தனியாக வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதை இந்த இரண்டு எண்களே பிள்ளைக்குப் புரியவைக்கும்.

நோட்டை டிசம்பரோடு மூடிவிடாமல் அடுத்த செப்டம்பர்வரை தொடருங்கள். இந்தியாவின் மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை என்று பாடத்தில் வரும். சென்னைப் பிள்ளையின் நோட்டிலோ பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் பட்டைகள்தான் உயர்ந்து நிற்கும். ஏன் என்று கேட்டால் வரைபடத்தை விரித்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் காட்டுங்கள். தென்மேற்குக் காற்று தன் ஈரத்தில் பெரும்பகுதியை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டிவிட்டு வருகிறது. அக்டோபர் வாக்கில் காற்று திசைமாறி, வங்காள விரிகுடாவின் ஈரத்தோடு நம் கரைக்கு வருகிறது.