எந்தப் பங்கு பெரியது?

பின்னக் கணக்கென்றதும் முகஞ்சுளிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் அநேகர். ஆயினும் காணி உறுதியிலே “பிரிபடாத 3/8 பங்கு” என்றிருப்பதை விளங்கிக்கொள்ள இக்கணக்கே வேண்டும். பங்கு விளங்காமற் கையெழுத்து வைத்துவிட்டுப் பின்னர் சகோதரர் தம்முள் பேச்சற்றுப் போவது நாம் காணாததன்று.

தகப்பனொருவர் தமது 20 பரப்புக் காணியில் மகனுக்கு 3/8 பங்கும், மகளுக்கு 2/5 பங்கும் எழுதி, மிகுதியைத் தமக்கென வைத்திருக்கிறார் என்று கொள்வோம். யாருக்குக் கூட? “மூன்று இரண்டிலும் பெரிது, எட்டு ஐந்திலும் பெரிது, ஆகவே மகனுக்கே கூட” என்பர் சிலர். அவசரப்படவேண்டாம்.

பின்னத்தின் கீழே நிற்கும் பகுதி எண், முழுமையை எத்தனை சமகூறாக்கினோம் என்று காட்டும். மேலே நிற்கும் தொகுதி எண், அவற்றுள் எத்தனை எடுத்தோம் என்று காட்டும். கூறுகளின் தொகை கூடக்கூட ஒவ்வொரு கூறும் சிறுக்கும். காலிற் பாதி அரைக்கால் (1/8). அதிற் பாதி வீசம் (1/16). ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. ஆகவே ஒரு பரப்பு ஏக்கரில் ஒரு வீசமே.

இனி வழிகளைப் பார்ப்போம்.

1. பகுதி எண்கள் சமமாயின் தொகுதி பெரியதே பெரிது. 3/8 இலும் 5/8 பெரிது.

2. தொகுதி எண்கள் சமமாயின் பகுதி சிறியதே பெரிது. 3/8 இலும் 3/5 பெரிது.

3. இரண்டும் வேறாயின் பகுதி எண்களைச் சமமாக்குக. 8, 5 என்பவற்றின் பொது மடங்குகளுட் சிறியது 40. எனவே 3/8 = 15/40; 2/5 = 16/40.

மகளுக்கே 1/40 பங்கு கூட. 20 பரப்பில் அது அரைப் பரப்பு, அதாவது 5 பேர்ச். மகனுக்கு ஏழரைப் பரப்பு, மகளுக்கு எட்டு, தகப்பனுக்கு நாலரை. கூட்டிப் பாருங்கள், இருபது சரியாக வரும்.

ஒன்றை மறக்கலாகாது. முழுமை ஒன்றாயிருந்தாலே பின்னங்களை இவ்வாறு ஒப்பிடலாம். 8 பரப்பில் அரைப்பங்கு 4 பரப்பு. 20 பரப்பில் காற்பங்கோ 5 பரப்பு. பங்கு சிறிதாயினும் நிலம் கூட! ஆகையால் எத்தனை பங்கு என்பதோடு, எதிற் பங்கு என்றும் கேட்கவேண்டும்.

பெற்றோரே, இவற்றைப் பிள்ளைகளிடம் கேட்டுப்பாருங்கள்: (அ) 5/6, 7/9, (ஆ) 4/7, 5/11. எவை பெரியவை? முதலாவதற்குப் பொதுப் பகுதி 18. 15/18, 14/18 என வருவதால் 5/6 பெரிது. இரண்டாவதற்குப் பெருக்கலே வேண்டாம். 4/7 அரையிலும் கூட, 5/11 அரையிலும் குறைவு. விடையை மட்டுமன்றி, அதற்கான காரணத்தையும் பிள்ளை தன் வாயாற் சொல்லட்டும்.