எழுத்தளவும் பைட்டளவும்

'தமிழ்' என்னுஞ் சொல்லில் எத்தனை எழுத்துக்கள் உள என வினவின், மூன்றென்று சிறுவரும் விடையிறுப்பர். ஆயின், 1995-ஆம் ஆண்டில் தோன்றிய பி.எச்.பி. என்னுங் கணினி மொழியில் 'ஸ்டர்லென்' என்னும் ஏவலால் இதனையே அளப்போமாயின், விடை 15 என வரும். இதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். யூனிகோடு முறையில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்து குறிகளுக்கும் தனித்தனி எண்கள் வகுக்கப்பட்டுள்ளன. 1992-இல் கென் தாம்ஸன், ராப் பைக் என்னும் இருவர் அமைத்த யூ.டி.எப்.-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு இடங்கொள்ளும். ஆகவே ஐம்மூன்று பதினைந்தாயிற்று. முற்கூறிய ஏவல் பைட்டுகளை எண்ணுகின்றது. 'எம்பி ஸ்டர்லென்' குறிகளை எண்ணி 5 என்னும். 'கிராபீம் ஸ்டர்லென்' என்பதே இச்சொல்லை நம் இலக்கணத்தோடொப்ப 3 என்னும்.

இவ்வேற்றுமையை அறியாமையால் வரும் இழுக்குச் சிறிதன்று. இச்சொல்லை 12 பைட்டில் வெட்டின், புள்ளி உதிர்ந்து 'தமிழ' என நிற்கும். 10-இல் வெட்டின், ழகரமே சிதைந்தொழியும். பெயர்ப்பதிவில் இவ்வாறு நேரின், ஒருவர் பெயர் அவர் பெயராகாது. ஆதலின், சேமிப்பிடத்தை அளக்குங்கால் பைட்டையும், பெயரை அளக்குங்கால் எழுத்தையும் எண்ணுதலே முறையென நாம் கொள்வோமாக.